லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? பாகத்தை மாற்றும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

“அண்ணே, நைட்டு நல்லாத்தான் ஓடுச்சு. காலைல செல்ஃப் அடிக்குது, ஆனா பத்த மாட்டேங்குது.”

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. இந்தச் சாலையோரப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. ராஜபாளையம் மில்களின் நூல், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டி, ஆர்.ஆர்.நகர் சிமெண்ட் எனப் பலதும் லாரியில்தான் நகர்கின்றன. ஒரு வண்டி காலையில் கிளம்பவில்லை என்றால் டிரைவருக்கு ஒரு நாள் படி போகிறது. ஓனருக்கு வாடகையும் மாதத் தவணையும் உதைக்கின்றன. சரக்குக்குக் காத்திருப்பவரின் வேலையும் நின்றுபோகிறது.

அந்த நேரத்தில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்வார்கள். “பேட்டரிதான்”, “பம்ப் போச்சு”, “நாசில் மாத்துங்க”. சொன்னதை எல்லாம் மாற்றிப் பார்த்து, பெரிய தொகை செலவான பிறகு, காரணம் ஒரு துருப்பிடித்த எர்த் கேபிள் என்று தெரியவருவதும் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரின் மடவார் வளாகத்தில் இருப்பது வைத்தியநாத சுவாமி கோயில். மன்னர் திருமலை நாயக்கரின் வயிற்றுவலி இங்கே தீர்ந்தது என்பது ஊர் நம்பிக்கை. வைத்தியத்துக்கு உள்ள விதி வண்டிக்கும் பொருந்தும்: மருந்துக்கு முன்னால் நோய் என்ன என்று தெரிய வேண்டும். டீசல் லாரி ஸ்டார்ட் ஆகாததற்கு நூறு காரணம் இருக்கலாம். ஆனால், சரியான வரிசையில் 4 கேள்விகளைக் கேட்டால் அந்த நூறு காரணம் நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

ஸ்பார்க் பிளக் இல்லாமல் டீசல் எப்படிப் பற்றுகிறது?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. காற்றை வேகமாக அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதே தத்துவம்தான்.

லாரி இன்ஜினின் சிலிண்டருக்குள் வரும் காற்று, அதன் அளவில் சுமார் 16 முதல் 18-ல் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. அப்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலை மெல்லிய பனித்துளியாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் 1890-களில் உருவாக்கிய முறை இது. 1897-ல் அவருடைய இன்ஜின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. இன்றைய பிஎஸ்-6 லாரி வரை அடிப்படை மாறவில்லை.

ஆகவே இன்ஜின் பற்றுவதற்குத் தேவை மூன்றுதான்.

1. போதுமான வேகத்தில் இன்ஜின் சுற்ற வேண்டும்.
2. சரியான நேரத்தில், சரியான அழுத்தத்தில் டீசல் உள்ளே போக வேண்டும்.
3. காற்று தடையின்றி உள்ளே வந்து, கசியாமல் நசுங்க வேண்டும்.

மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

கேள்வி 1: இன்ஜின் சுற்றுகிறதா, எந்த வேகத்தில்?

சாவியைத் திருப்பியதும் வரும் சத்தமே பாதி கதையைச் சொல்லிவிடும்.

*எந்தச் சத்தமும் இல்லை:* செல்ஃப் மோட்டாருக்குக் கட்டளையே போகவில்லை. பேட்டரி ஐசொலேட்டர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஃபியூஸ், ரிலே சரியா என்று பாருங்கள். சில மாடல்களில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்.

*‘டக்’ என்று ஒரே சத்தம்:* சாலினாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் மூன்றில் ஒன்று. அபூர்வமாக, இன்ஜினே இறுகிப்போயிருக்கலாம்.

*‘டக்டக்டக்’ என்று தொடர் சத்தம்:* பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை.

*மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறது:* பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

“சுத்துதே, அப்போ பேட்டரி ஓகே” என்று நினைத்துவிடுகிறோம். டீசல் இன்ஜினுக்குச் சுற்றினால் மட்டும் போதாது. மெதுவாகச் சுற்றும்போது, நசுங்கும் காற்றின் வெப்பம் சிலிண்டர் சுவரில் இறங்கிவிடுகிறது. காற்றும் ரிங் இடைவெளியில் கசிகிறது. டீசல் பீய்ச்சினாலும் பற்றும் அளவுக்குச் சூடு இருக்காது. சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வரும். அதைப் பார்த்து, “நாசில் போச்சு” என்று இறக்கிவிடுவார்கள். உண்மையில் போனது பேட்டரி.

எனவே, வேறு எதைக் கழற்றும் முன்னும் பேட்டரியைச் சோதிப்பதுதான் லாபம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. இரண்டையும் சேர்த்து அளக்காமல் தனித்தனியாக அளக்க வேண்டும். முழு சார்ஜில் உள்ள பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் அது கிட்டத்தட்டக் காலி. மொத்தமாக அளந்தால் நல்ல பேட்டரியின் எண், மோசமான பேட்டரியை மறைத்துவிடும்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும். ஒரு பேட்டரி மட்டும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதன் மேல் சந்தேகம் வைக்கலாம். இரண்டுமே நன்றாக நின்று, செல்ஃப் மட்டும் சோம்பலாகச் சுற்றினால், மின்சாரம் வழியில் எங்கோ தொலைகிறது.

அதைப் பிடிக்க எளிய வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. துரு, தளர்ந்த போல்ட், உள்ளே அறுந்த கேபிள் ஏதாவது இருக்கும். பாசிட்டிவ் கேபிளுக்கும் இதே சோதனைதான்: பேட்டரி முனைக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கட்டினாலே தீர்ந்துவிடும் கோளாறு இது.

கேள்வி 2: செல்ஃப் அடிக்கும்போது புகை வருகிறதா, என்ன நிறம்?

நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் அடுத்து எந்தக் கருவியும் தேவையில்லை. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் முனையைப் பார்க்க வேண்டும்.

- புகையே இல்லை: சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரையான பாதையைத் தேடுங்கள். கம்ப்ரஷனைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.
- வெள்ளை அல்லது சாம்பல் புகை: டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. சுற்றும் வேகம், டைமிங், கம்ப்ரஷன், டீசலில் கலந்த தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
- கரும்புகை: டீசல் எரியப் பார்க்கிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், அடைப்பு, எக்ஸாஸ்ட் பிரேக் பக்கம் போங்கள்.

இந்த ஒரு நிமிடச் சோதனை, தேட வேண்டிய பரப்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். புகையே இல்லாத வண்டியில் கம்ப்ரஷன் பார்க்க ஹெட்டைக் கழற்றுவதும், வெள்ளைப் புகை கக்கும் வண்டியில் ஃபீட் பம்பை மாற்றுவதும் வீண் செலவு.

கேள்வி 3: டீசல் எதுவரை வந்து நிற்கிறது?

புகை இல்லை என்றால் தேடல் டேங்கில் தொடங்க வேண்டும். மீட்டர் முள்ளை நம்பாமல், குச்சி விட்டு டீசல் அளவைப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உருவாகி டீசலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

பழைய லாரிகளில் ஸ்டாப் கேபிள் என்று ஒன்று உண்டு. இன்ஜினை அணைக்க அதை இழுப்பார்கள். இழுத்தது திரும்பவில்லை என்றால் பம்ப் டீசல் தராது. கையால் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. சில மாடல்களில் இதே வேலையைச் செய்வது ஸ்டாப் சாலினாய்டு. சாவியை ஆன் செய்யும்போது அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஃபில்டரும் வாட்டர் செப்பரேட்டரும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். கீழே உள்ள வடிகால் திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, சில நிமிடம் வைத்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிய பேச்சைக் கேட்டு, டீசலிலும் அதே பிரச்சினை என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே எத்தனால் கலப்பு பெட்ரோலில்தான். டீசலில் தண்ணீர் சேர்வது மழை, டேங்கில் குளிரும் ஈரக்காற்று, சரியாக மூடாத கேன் போன்ற வழிகளில்.

‘ஏர் பிடிச்சிருச்சு’ என்றால் என்ன?

பட்டறையில் அதிகம் புழங்கும் சொல் ‘ஏர் லாக்’. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையான குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே ஒரு சிறு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான், “எங்கேயும் லீக் இல்லையே” என்று சொல்லும் வண்டியிலும் ஏர் இருக்கும்.

இதற்கு மூன்று அடையாளங்கள்:

- ஸ்டார்ட் ஆகி, சில விநாடிகளில் அணைந்துவிடுகிறது. ஃபில்டரில் மிச்சமிருந்த டீசல் தீர்ந்தது என்று பொருள்.
- இரவு நிறுத்தினால் காலையில் பற்றாது, கை பம்ப் அடித்தால் பற்றிவிடும். இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கியிருக்கிறது.
- ஃபில்டர் மாற்றிய மறுநாளே தொல்லை தொடங்குகிறது. ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை, அல்லது வாஷர் பழசு.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டியில் ஏர் எடுக்கும் முறை எளிது. ஃபில்டர் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் சீராக வந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்க வேண்டும். பிறகு பம்ப் மேலுள்ள திருகிலும் அதையே செய்ய வேண்டும். எவ்வளவு அடித்தாலும் குமிழி நிற்கவில்லை என்றால் ஓட்டை இன்னும் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். குழாயின் நடுவே கண்ணாடி போன்ற டியூப் துண்டு ஒன்றை இணைத்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஏர் எடுத்து அனுப்புவது முதலுதவி மட்டுமே. காற்று எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால், அதே வண்டி செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் மறுபடி நிற்கும்.

பிஎஸ்-6 வண்டிகளில் என்ன வித்தியாசம்?

ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் ‘மைக்கோ பம்ப்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. பின்னாளில் அந்த நிறுவனம் பாஷ் லிமிடெட் ஆனது. அந்த வகை பம்பை ஸ்பானர், கை, காது மூன்றை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி வந்தது. டீசலில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் 10 லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இன்றைய லாரிகளில் பரவலாக இருப்பது காமன் ரெயில் முறை. உயர் அழுத்த பம்ப், ஒரு பொதுக் குழாயில் டீசலைச் சேர்த்து வைக்கும். எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று இசியு எனப்படும் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். பழைய நாசில் சுமார் 200 முதல் 250 பார் அழுத்தத்தில் திறந்தது. காமன் ரெயிலில் ஓட்டத்தின்போது அழுத்தம் 1,600 பாரையும் தாண்டலாம். காரின் டயர் காற்று சுமார் 2 பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இங்கே ‘டீசல் வருதா?’ என்ற கேள்வியோடு இன்னும் இரண்டு சேர்கின்றன.

*போதுமான அழுத்தம் ஏறுகிறதா?* குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை இசியு இன்ஜெக்டர்களைத் திறக்கவே விடாது. பல இன்ஜின்களில் அது 200 பார் அளவில் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் இந்த எண்ணைப் பார்க்கலாம். ஏறவில்லை என்றால் ஃபில்டர் அடைப்பு, ஏர், பம்ப், அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, அல்லது உள்ளே கசியும் இன்ஜெக்டர். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் எவ்வளவு டீசல் வடிகிறது என்று பாட்டிலில் பிடித்து ஒப்பிட்டால், கசியும் ஒன்று தனியாகத் தெரிந்துவிடும். ஆறையும் மாற்ற வேண்டிய அவசியம் இருக்காது.

*இன்ஜின் சுற்றுவது இசியுவுக்குத் தெரிகிறதா?* அதைச் சொல்வது கிராங்க் சென்சார். செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள் அசையவே இல்லை என்றால் (சில மாடல்களில் இது பொருந்தாது), சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகிக்கலாம். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சாப்பிட நிறுத்திய இடத்தில் சூட்டோடு சூடாக ஸ்டார்ட் ஆகாமல், ஒரு மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகும் வண்டிகளில் இந்த சென்சாரைத் தவறாமல் பாருங்கள். சூடானால் மட்டும் உள்ளே அறுந்து நிற்கும் வழக்கம் இதற்கு உண்டு. தேய்ந்த பம்பும் இதே நாடகத்தை ஆடும். சூட்டில் டீசல் நீர்த்து, உள்ளேயே கசிந்துவிடும்.

புது வண்டியிலும் பேட்டரியே முதலில் வரும். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் அதிகம் விழுந்தால் இசியு அணைந்து மீண்டும் விழிக்கும். அப்போது ஸ்கேனரில் சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும். அந்த வரிசையைப் பார்த்து சென்சார்களை வாங்கத் தொடங்கினால் செலவு எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. ஸ்கேனர் காட்டும் கோடு சந்தேக நபரின் பெயர் மட்டுமே. தீர்ப்பை மீட்டர் வைத்து அளந்துதான் எழுத வேண்டும்.

யூரியா தீர்ந்தால் லாரி ஸ்டார்ட் ஆகாதா?

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. டிரைவர்கள் ‘யூரியா’ அல்லது ‘ஆட்ப்ளூ’ என்று சொல்லும் திரவத்தில் 32.5% யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். இது இன்ஜினுக்குள் போவதில்லை. சைலன்சர் பக்கம் பீய்ச்சப்பட்டு, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கிறது. தீர்ந்தால் முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு வண்டியின் இழுவையும் வேகமும் குறைக்கப்படும். நேற்றிரவு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடிய வண்டி காலையில் பற்றவில்லை என்றால், யூரியாவை முதல் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

பெரிய ஆபத்து வேறு. யூரியாவைத் தவறுதலாக டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். அது பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விட்டால் மொத்த டீசல் பாதையும் கெட்டுப்போகும். டேங்கைக் காலி செய்து கழுவுவது மட்டுமே வழி.

கேள்வி 4: காற்று வருகிறதா, நசுங்குகிறதா?

முதல் மூன்று கேள்விக்கும் ‘ஆமாம், சரி’ என்று பதில் வந்த பிறகே இங்கே வர வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை முயன்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு மூடிய நிலையில் சிக்கியிருந்தால் புகை வெளியேற இடமில்லாமல் இன்ஜின் பற்றாது. இதுவும் கண்ணால் பார்க்கக் கூடியதுதான்.

கம்ப்ரஷன் பற்றி நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: ரிங்கும் லைனரும் ஒரே இரவில் தேய்வதில்லை. கம்ப்ரஷன் போன வண்டி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே வந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், ஆயில் குடிக்கும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரும், ஏற்றத்தில் இழுக்காது. நேற்றுவரை கம்பீரமாக ஓடிய வண்டி இன்று திடீரென்று பற்றவில்லை என்றால் மின்சாரம், டீசல், காற்று மூன்றில் ஒன்று அறுந்திருக்கிறது. இன்ஜின் வேலை செய்ய வேண்டும் என்று யாராவது உடனே சொன்னால், கம்ப்ரஷன் அளந்த எண்களைக் கேளுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கிறதா என்பதே முக்கியம்.

நம்ம ஊருக்குப் பொருந்தாத வீடியோக்கள்

‘டீசல் நோ ஸ்டார்ட்’ என்று தேடினால் வரும் வெளிநாட்டு வீடியோக்களில் பாதி, குளிரைப் பற்றிப் பேசும். டீசல் மெழுகாக உறைவது, இன்ஜினை இரவெல்லாம் சூடாக்கி வைப்பது, குளோ பிளக் என்று போகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மார்கழி அதிகாலையில்கூட டீசல் உறையும் குளிர் வராது. இங்கே பழைய கனரக லாரிகளில் பெரும்பாலும் குளோ பிளக்கே கிடையாது.

நம்முடைய எதிரிகள் வெயிலும் தூசியும் மழையும். வெயிலில் பேட்டரியின் ஆயுள் குறைகிறது, ரப்பர் குழாய்கள் வெடித்து ஏர் இழுக்கின்றன. மழையில் டெர்மினல்களும் ஒயர் இணைப்புகளும் துருப்பிடிக்கின்றன.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குத் தனி விதி. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வந்ததுபோல வெள்ளம் சூழ்ந்து, ஏர் ஃபில்டர் மட்டம் வரை தண்ணீர் ஏறியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகும்.

செய்யவே கூடாதவை

- காமன் ரெயில் வண்டியில் உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். பழைய வண்டியில் பழகிய கைக்கு இது இயல்பாக வரும். ஆனால் ஊசிபோலப் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும். வலி இல்லை என்று விட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், ‘அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது’ என்று சொல்ல வேண்டும்.
- காற்று உறிஞ்சும் வாயில் பெட்ரோல் நனைத்த துணி, ஸ்ப்ரே வேண்டாம். நேரம் தவறிப் பற்றினால் பிஸ்டன் உடையும், வெளியே தீப்பிடிக்கும். காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டியில் வெடிக்கவே செய்யும்.
- செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஒரு முறைக்கு 10 முதல் 15 விநாடி போதும். பிறகு ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். இல்லாவிட்டால் முதல் கோளாறோடு செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும்.
- லோடு வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் தேவையான காற்று சேராது, பவர் ஸ்டீயரிங் உதவாது. பிஎஸ்-6 வண்டியில் எரியாத டீசல் சைலன்சர் வடிகட்டிகளையும் பாழாக்கும்.
- 24 வோல்ட் லாரிக்குக் காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கேபிள் போடாதீர்கள். இன்னொரு 24 வோல்ட் வண்டியிலிருந்து போடும்போதும், கடைசி நெகட்டிவ் கிளிப்பை பேட்டரியிலிருந்து தள்ளி சேசிஸ் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு, தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

எந்தச் சோதனைக்கும் முன் கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. இது மறக்கக் கூடாத முதல் விதி.

போனில் மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

வண்டி ஓனர் நீங்களாக இருக்கலாம். அப்பாவின் லாரிக்கு வெளியூரிலிருந்து தவணை கட்டுபவராக, அல்லது மில்லில் டெஸ்பாட்ச் பார்ப்பவராக இருக்கலாம். ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டாலும், “வண்டி ஸ்டார்ட் ஆகல, வாங்க” என்று மட்டும் சொல்லாமல் இந்த 6 விவரங்களைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

1. மாடல், வருடம், பிஎஸ்-4 அல்லது பிஎஸ்-6.
2. செல்ஃப் சுற்றுகிறதா? வேகமாகவா, இழுத்தா?
3. புகை உண்டா? என்ன நிறம்?
4. கோளாறு காலைக் குளிரிலா, சூட்டிலா? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா?
5. கடைசியாக என்ன வேலை பார்த்தது? எங்கே டீசல் அடித்தது?
6. இரண்டு பேட்டரியின் வோல்ட், தனித்தனியாக.

கூடவே 10 விநாடி வீடியோ இரண்டு: செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டு ஒன்று, சைலன்சர் முனை ஒன்று. ராஜபாளையத்திலிருந்து கிளம்பும் மெக்கானிக் எந்தக் கருவியோடு வர வேண்டும், மீட்டரா, ஃபில்டரா, ஸ்கேனரா என்பது அந்த வீடியோவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், “எதை அளந்து பார்த்துச் சொல்றீங்கண்ணே?” என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், அளந்ததைக் காட்டுவார்.